காது எண்ணிய காகம்

நாணலேரிக் கரையில் பூனைகள் பெருகிவிட்டன. புதருக்கு ஒரு பூனை, பாறைக்கு ஒரு பூனை. வாத்துக் குஞ்சுகள் காணாமல் போயின. கொக்கு கூட்டை விட்டு இறங்கிவிட்டுத் திரும்பி வந்தால் முட்டை இருக்காது.

ஏரியை ஒட்டி ஒரு குட்டை இருந்தது. கோடையில் ஏரி வற்றும்போது எல்லோரும் பகிர்ந்து தின்பதற்காக அதில் மீன் விட்டு வளர்த்தார்கள். அந்தப் பொதுக்குட்டையிலும் பூனைகள் வாய் வைத்தன. அன்றுதான் ஏரிக்கரைச் சபைக்குக் கோபம் வந்தது. குஞ்சுகள் போனபோது வராத கோபம், மீன் போனதும் வந்துவிட்டது.

சபைத் தலைவர் எருமை. மீன் தின்னாதவர் தலைவராக இருந்தால் மீனைத் திருட மாட்டார் என்று சொல்லி, எல்லோரும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் திருடவில்லை என்பது உண்மை. குட்டைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

“பூனைகளைக் கரையை விட்டே துரத்துங்க!” என்று கத்தியது வாத்து.

“ஆமா, துரத்துங்க! துரத்துங்க!” என்றது கூட்டம்.

அப்போது ஒரு பூனை சபை நடுவே வந்து நின்றது. சாம்பல் நிற உடம்பு. மூக்கு மட்டும் வெள்ளை. அதனால் வெள்ளைமூக்கி என்று பெயர். போன மழைக்கு அது ஈன்ற குட்டிகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. அதற்கு முந்தைய ஈற்றிலும் அப்படியே. பால் வற்றிய மடியை முட்டி முட்டியே எல்லாம் செத்துப்போயின.

“தலைவரே, எங்களைத் துரத்தாதீங்க!” என்றது வெள்ளைமூக்கி. “நாங்க ஆசைப்பட்டா இத்தனை பெத்துக்கறோம்? பெத்துப் பெத்துப் புதைக்க எனக்குத் தெம்பு இல்ல. மலையில குரங்கு வைத்தியர் இருக்காரு. அவரு கருத்தடை ஆபரேஷன் செஞ்சா அப்புறம் குட்டியே பிறக்காதாம். அதைச் செஞ்சு விடுங்க. உங்க குஞ்சுகளும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம்.”

கூட்டம் அடங்கியது. வாத்துக்குக்கூடக் கண் கலங்கியது. நல்ல யோசனை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் நல்ல யோசனை எங்கே பிறந்தாலும், அதைத் தின்று கொழுக்க ஒருத்தன் வாசனை பிடித்து வந்துவிடுகிறான். இங்கே வந்தது மரநாய்.

“அந்தப் பொறுப்பை எங்கிட்ட விடுங்க, தலைவரே!” என்றது மரநாய். “என்னைச் சில பேரு புனுகுப்பூனைன்னே கூப்பிடுவாங்க. பூனைக்கு நான் பங்காளி முறை. அவங்க வலி எனக்குத் தெரியாதா? வைத்தியரைக் கூட்டிட்டு வர்றது, பூனையைப் பிடிக்கிறது, மயக்க இலை கொடுக்கிறது, எல்லாம் என் வேலை. ஒரு பூனைக்கு ஒரு கூடை மீன் மானியமா ஒதுக்குங்க. அது போதும்!”

“ஆபரேஷன் முடிஞ்ச பூனை எது, முடியாத பூனை எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டது கொக்கு.

“அருமையான கேள்வி! முடிஞ்ச பூனைக்கு இடது காது நுனியை நறுக்கி விட்டுடுவோம். தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியும். ஒளிவு மறைவே கிடையாது!”

“இருந்தாலும் இது பொதுச்சொத்து. கண்காணிக்க ஒரு ஆள் வேணும்,” என்றது கொக்கு.

“தாராளமா போடுங்க! எனக்கென்ன பயம்?”

காகத்தைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். அதைவிடப் பொருத்தமான ஆள் ஏது? கூர்மையான கண். உயரமான புங்கமரத்தில் வீடு. அது ஒரு துண்டு மீனைக்கூட யாரிடமும் கைநீட்டி வாங்காது. பொய்யும் சொல்லாது. நல்ல காகம் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்த அநியாயத்துக்குக் கெட்டவர்கள் மட்டும் காரணமில்லை.

முகாமின் முதல் நாள் ஒரே கோலாகலம். நாணலில் குடிசை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்கள். குரங்கு வைத்தியர் மலையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கிழட்டுப் பூனைக்கு மயக்க இலை கொடுத்தார். எல்லோர் முன்னிலையிலும் அதன் வயிற்று மயிரை மழித்து, சின்னதாகக் கீறி, வேலையை முடித்துத் தைத்தார். கடைசியில் காது நுனியை நறுக்கினார். எருமைத் தலைவர் வைத்தியருக்கு மாலை போட்டார். போடுவதற்குள் பாதி மாலையைத் தின்றும்விட்டார்.

மறுநாள் வைத்தியர், “என் கூலிப் பழம் எங்கே?” என்று கேட்டார்.

“நாளைக்குத் தர்றேன்!” என்றது மரநாய்.

நாளைக்கும் அதே பதில். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வைத்தியர் மலைக்கே திரும்பிப் போனார். மரநாய் அவரைத் தடுக்கவில்லை. காது நறுக்குவதற்கு வைத்தியர் எதற்கு? நண்டின் கொடுக்கு ஒன்று இருந்தால் போதாதா?

இது எதுவும் வெள்ளைமூக்கிக்குத் தெரியாது. மற்றப் பூனைகளை மரநாய் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளைமூக்கி மட்டும் தானாகவே நடந்து குடிசைக்குள் போனது. மயக்க இலையை மென்று தின்றுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தது. விழித்தபோது காது எரிந்தது. வயிற்றில் தடிமனாகச் சேறு அப்பியிருந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டது வெள்ளைமூக்கி.

“முடிஞ்சுது தாயி! இனிமே உனக்குக் குட்டித் தொல்லையே இல்ல!”

வெள்ளைமூக்கி அழுதது. இனி எந்தக் குட்டியையும் மண்ணுக்குக் கொடுக்க வேண்டாம் என்ற நிம்மதியில் அழுதது. மரநாய்க்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தது.

சில நாளில் சேறு காய்ந்து உதிர்ந்தது. வயிற்றை நக்கிப் பார்த்த வெள்ளைமூக்கிக்குத் திக்கென்றது. தையல் இல்லை. தழும்பு இல்லை. மயிர்கூட மழிக்கப்படவில்லை. ஒரே ஓட்டமாகப் புங்கமரத்தடிக்கு ஓடியது.

“காக்கா மாமா! கொஞ்சம் இறங்கி வந்து என் வயித்தைப் பாருங்க! கீறின அடையாளமே இல்ல!”

காகம் கிளையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தது. “காதைத் திருப்பு. அது இல்ல, இடது காது. ஆங், நறுக்கியிருக்கே! அப்புறம் என்ன?”

“குட்டி காதுலயா மாமா பிறக்குது? வயித்தைப் பாருங்க!”

“இங்க பாரும்மா, காதைப் பாருன்னுதான் சபை எனக்குச் சொல்லியிருக்கு. வயித்தைப் பாருன்னு யாரும் சொல்லல. நான் தினமும் கரை முழுக்கப் பறந்து பார்க்கிறேன். ஒரு காதைக்கூட விட்டதில்ல!”

“ஒரே ஒரு தடவை இறங்கி வாங்க, மாமா!”

“எனக்கு இன்னும் வடக்குக் கரை பாக்கி இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்துபோனது.

மாதம் ஒருமுறை சபை கூடியது. யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காகம் முன்னால் வந்து, “இந்த மாசமும் நறுக்கிய காது கூடியிருக்கு!” என்று சொல்லும். வாத்துகள் சிறகடித்து ஆரவாரம் செய்யும். “யாராவது எதாவது கேட்கணுமா?” என்பார் தலைவர். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். மரநாய் கூடை கூடையாக மீன் அள்ளிக்கொண்டு போகும்.

வெள்ளைமூக்கியின் வயிறு பெருத்தது. நடக்க முடியாமல் நடந்து அது சபைக்கு வந்தது. அன்றைக்குத்தான் வாத்தும் வாயைத் திறந்து, “குட்டையில மீன் ரொம்பக் குறைஞ்சிருக்கே, ஏன்?” என்று கேட்டிருந்தது.

“தலைவரே!” என்று கத்தியது வெள்ளைமூக்கி. “எனக்கு ஆபரேஷனே நடக்கல! நான் சினையா இருக்கேன்! காதை நறுக்கி எங்களை ஏமாத்திட்டாங்க!”

மரநாய் நிதானமாக எழுந்தது. அது வெள்ளைமூக்கியைப் பார்க்கவில்லை. காகத்தைப் பார்த்தது. “என்ன காக்கா, நீங்க இத்தனை மாசமா சொன்னதெல்லாம் பொய்யாமே?”

காகத்துக்குச் சுருக்கென்றது. “யார் பொய் சொன்னது? இந்தப் பூனைக்குக் காது நறுக்கியிருக்கு. என் கண்ணால பார்த்தேன்!”

“காக்கா பொய் சொல்லாது!” என்றது கூட்டம்.

“அப்போ இந்த வயிறு எப்படி வந்துச்சு?” என்று கேட்டது வாத்து.

“எப்படி வரும்?” மரநாய் சிரித்தது. “மீன் ஏன் குறையுதுன்னு இப்பத்தானே கேட்டீங்க? பதில் உங்க முன்னாடியே நிக்குது, பாருங்க!”

கூட்டம் வெள்ளைமூக்கியின் வயிற்றைப் பார்த்தது. பிறகு, “திருடி! திருடி!” என்று கூச்சல் போட்டது.

“ஐயோ! கிட்ட வந்து தொட்டுப் பாருங்க! உள்ளே குட்டி அசையுது! தழும்பு இருக்கான்னு பாருங்க! ஒருத்தராவது வாங்க!”

கொக்கு ஓர் அடி எடுத்து வைத்தது. தலைவர் எருமை செருமினார். “சபை நடுவுல ஒரு பொம்பளை வயித்தைத் தொட்டுப் பார்க்கிறதா? என்ன பேச்சு இது! நாமெல்லாம் கௌரவமானவங்க!”

கொக்கு எடுத்த காலை மடக்கிக்கொண்டது. ஒற்றைக் காலில் கௌரவமாக நின்றது.

“அப்படின்னா வைத்தியரையாவது கூப்பிட்டுக் கேளுங்க!”

“அவரு வேற ஏரி முகாம்ல ரொம்ப பிஸி!” என்றது மரநாய்.

வெள்ளைமூக்கியைக் கரையை விட்டுத் துரத்தினார்கள். யாரையும் துரத்த வேண்டாம் என்று கெஞ்சி, வழியும் சொன்ன பூனையைத்தான் முதலில் துரத்தினார்கள். அது கருவேலங்காட்டுக்குப் போய், முள்ளுக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டு குட்டிகளை ஈன்றது.

அடுத்த மாதம் சபை கூடியபோது வெள்ளைமூக்கி மறுபடியும் வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தது. அதற்கும் தாயைப் போலவே வெள்ளை மூக்கு. குட்டியைத் தலைவரின் காலடியில் இறக்கி வைத்தது.

“தலைவரே, இது மீனா?” என்று கேட்டது.

குட்டி, “மியா” என்றது. தலைவர் அசைபோடுவதை நிறுத்தினார். வாத்து தரையைப் பார்த்தது. இத்தனை மாதம் சொன்னது தப்பு என்று காகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், சிறகடித்துப் பாராட்டியவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? காகம் குட்டியின் காதைக் குனிந்து பார்த்தது.

“இதுக்கு இன்னும் காது நறுக்கல,” என்றது.

மரநாய் துள்ளி எழுந்தது. “கேட்டீங்களா? கண்காணிப்பாளரே சொல்லிட்டாரு! வேலை இன்னும் பாக்கி இருக்கு. மானியத்தைக் கூட்டிக் கொடுங்க, எல்லாத்தையும் முடிச்சுக் காட்டுறேன்!”

தப்பு யாருடையது என்று பேச வேண்டியதில்லை என்றதும் சபைக்கு மூச்சு வந்தது. மானியத்தை இரண்டு மடங்காக்கினார்கள். வாத்துகள் சிறகடித்தன. அங்கேயே, தாயின் கண்ணெதிரே, அந்தக் குட்டியின் இடது காதை மரநாய் நறுக்கியது. இரத்தம் சொட்டச் சொட்ட வெள்ளைமூக்கி அதைக் கவ்விக்கொண்டு காட்டுக்குத் திரும்பியது.

கோடை வந்தது. ஏரி வற்றியது. எல்லோரும் குட்டைக்குப் போனார்கள். குட்டையில் சேறுதான் இருந்தது. மரநாயைத் தேடினார்கள். நாணல் குடிசையில் மீன் முள் குவிந்து கிடந்தது. மரநாய் எந்த ஊருக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பூனைகள் மட்டும் முன்னைவிட அதிகமாக இருந்தன. பசியில் வெறிபிடித்து அலைந்தன. அத்தனைக்கும் இடது காது நறுக்கியிருந்தது. வாத்துக் கூட்டத்தில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. கருவேலங்காட்டில் வெள்ளைமூக்கி பட்டினியால் செத்தது. சாகும்போதும் அதன் மடியில் குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுதான் பிழைத்தது.

அந்த ஒன்று ஒருநாள் புங்கமரத்தில் ஏறியது. உச்சியில் காகத்தின் கூடு. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள். காகம் பதறிப்போய்ச் சிறகை விரித்து மறித்தது.

“யாரு நீ? எங்கே வர்றே?”

இலைக்கு நடுவே ஒரு வெள்ளை மூக்கு தெரிந்தது. பக்கத்தில் நறுக்கிய காது தெரிந்தது.

“எத்தனை காதைப் பார்த்தேன்! எல்லாமே நறுக்கியிருந்துச்சே!” என்று காகம் அழுதது. “அப்புறம் எப்படி இத்தனை பேரு வந்தீங்க?”

“எங்கம்மா உங்களை இறங்கி வந்து பார்க்கச் சொன்னாங்க, மாமா,” என்றது பூனை. “நீங்க இறங்கல. அதனாலதான் நான் ஏறி வந்திருக்கேன்.”

காகம் கத்தியது. கொத்தியது. சுற்றிச் சுற்றிப் பறந்தது. மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடு காலியான பிறகு அவர்களும் கலைந்துபோனார்கள்.

பொதுச்சொத்துக்குக் காவல் நிற்பவர் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்காமல், காட்டிய அடையாளத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அவருடைய நேர்மையே திருடனுக்குத் துணையாகிவிடும்.