உப்புச் சாடி இருந்த இடம்

"சாமி, ஞாபகத்துக்கு ஏதாவது மருந்து உண்டா?" என்று கேட்டார் மடத்துச் சமையல்காரர் ஆவுடைநாயகம்.

குரு அவரைவிட வயதில் இளையவர். தீட்சை கொடுத்த பிறகும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

இறைவனுக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். உப்புப் போட்டோமா என்பதை நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முந்தாநாள் பொங்கலில் உப்பே இல்லை. நேற்று இரண்டு தடவை விழுந்துவிட்டது. பொங்கலைத் திருச்செந்தூர்க் கடலில் வேக வைத்தீரா என்று பந்தியில் ஒருவர் கேட்டார்.

குருபூஜையன்றும் இப்படி நடந்தால் அடுப்படியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஆவுடைநாயகத்துக்கு அடுப்படியை விட்டால் போக இடமில்லை. போக மனமும் இல்லை.

வல்லாரை தின்று பார்த்தாகிவிட்டது என்றார்.

"இன்னைக்கு உப்புப் போட்டீங்களா?"

"போட்டிருப்பேன், சாமி."

"போட்டது யாரு?"

ஆவுடைநாயகம் தன் வலது கையைப் பார்த்தார்.

"கை போட்டிருக்கும்."

குரு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் உப்புச் சாடியைக் காணோம்.

எத்தனையோ வருஷமாக அடுப்புக்கு வலப்பக்கம் அசையாமல் இருந்த சாடி. பார்க்காமல் நீட்டினாலே கைக்கு வந்துவிடும். ஆவுடைநாயகம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தேடினார். ஆட்டுரலுக்குப் பின்னால் இருந்தது.

அதற்கு மறுநாள் உறியில் தொங்கியது. இன்னொரு நாள் வாழையிலைக் கட்டுக்கு அடியில் கிடந்தது. யார் வேலை இது என்று மறைந்திருந்து பார்த்தார். குருவேதான்.

கோபத்தோடு போய் எதிரில் நின்றார்.

"உப்புப் போட்டாச்சா, அண்ணாச்சி?"

"போட்டாச்சு. இலைக்கட்டைப் புரட்டி எடுத்துல்லா போட்டேன்."

சொன்ன பிறகு அங்கே நிற்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து திட்டாமல் தேடினார்.

குருபூஜை வந்தது. மடம் நிறையக் கூட்டம். பெரிய உருளியில் பொங்கல் கொதித்தது.

அன்று சாடி பழைய இடத்திலேயே இருந்தது.

கை தானாக நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டார். விறுவிறுவென்று குருவிடம் போனார். அவர் வந்தவர்களுக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இன்னைக்குச் சாடி வச்ச இடத்திலேயே இருக்கு."

"மறந்துட்டேன், அண்ணாச்சி."

ஆவுடைநாயகம் அடுப்படிக்குத் திரும்பினார். சாடியைத் தூக்கிக்கொண்டு போய் விறகு அடுக்கின் உச்சியில் வைத்தார். வந்து அடுப்பு முன் நின்று, அரிசியும் பருப்பும் குழையும்வரை கிளறினார்.

அப்புறம் உப்பைத் தேடிப் போனார்.

மேலாளர் அடுப்படி வாசலில் வந்து நின்று, உப்பு என்று ஆரம்பித்தார்.

"விறகு மேல இருந்துச்சு," என்றார் ஆவுடைநாயகம், திரும்பிப் பார்க்காமல். "முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். போட்டாச்சு."