மன்னிக்க வந்தவர்கள்

பொன்னுலிங்கம் பேரன் எடுத்தவர். அவருடைய குருவான வடிவுக்கு அவர் மகள் வயதுகூட இராது. கோயில் கொடை விழாக்களில் கதை சொல்லி ஊரையே கட்டிப்போடுகிறவள் அவள். உப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், ஒரு கொடையில் அவள் கதையைக் கேட்டுவிட்டு மாட்டையும் வண்டியையும் விற்று அவள் குழுவில் சேர்ந்தார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யாருக்கு யார் குரு என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

பின்பாட்டுப் பாடியே தொண்டை தேய்ந்தாயிற்று. கட்டை வேகிறதுக்குள் ஒரு தடவையாவது தனியாக மேடை ஏறிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. சொந்தமாக ஒரு கதை கட்டினார். கொடை அன்று காலையில், கோயில் வேம்படியில் குழுவை உட்காரவைத்துச் சொல்லிக்காட்டினார். அம்மா தலையசைத்தால் அன்று சாயங்காலம் மேடை அவருக்கு.

கருவன் என்கிற அடியாளின் கதை. பண்ணையார் ஏவி, அவன் ஒரு குடிசைக்குத் தீ வைக்கிறான். உள்ளே இருந்தவள் எரிகிற சேலையோடு ஓடிக் கிணற்றில் விழுந்து சாகிறாள். அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்டுவிட்டு, பொன்னுலிங்கம் அவன் சின்ன வயதுக்குப் போனார். தாயில்லாப் பிள்ளை. மாட்டுத் தொட்டியில் கழுநீர் குடித்து வளர்ந்தவன். முதுகில் பண்ணையார் வைத்த சூடு. கடைசியில் கருவன் ஊர் நடுவில் விழுந்து கதறுகிறான். ஊரே அவனைத் தூக்கி அணைத்துக்கொள்கிறது. மழை பெய்கிறது.

மேளக்கார இசக்கி மூக்கைச் சிந்தினான். ஆர்மோனியக்காரத் தவசி, கல்லும் கரைந்துவிடும் அண்ணாச்சி என்றான்.

வடிவு எழுந்து வந்தாள். தட்டிக்கொடுக்கத்தான் வருகிறாள் என்று பொன்னுலிங்கம் குனிந்தார்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை.

மற்ற இருவரும் பதறி எழுந்தார்கள். அவளோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் தன் கையில் சின்னம்மாக்காரி கொதிக்கிற கஞ்சியை ஊற்றினதையும், அன்றிலிருந்து இந்தக் கை தன் சொல்லைக் கேட்பதில்லை என்பதையும், மேடையில் சொல்கிற மாதிரியே ஏற்றி இறக்கிச் சொன்னாள். பாதியிலேயே இசக்கியின் முகம் இளகிவிட்டது. தவசி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஏதோ கை நீண்டுவிட்டது, அண்ணாச்சி பெரிய மனுஷர், மனசில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று, அவர் பக்கம் திரும்பாமலே தீர்ப்பும் சொன்னான்.

“பாவம், அது பட்ட பாட்டுக்கு இன்னும் ரெண்டு அடி அடிச்சாலும் தகும்,” என்றான் இசக்கி.

பொன்னுலிங்கத்துக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது.

“அறை வாங்கினவன் நான்வே. மன்னிக்கதுக்கு நீங்க யாரு?”

வடிவின் கண் அந்தக் கணமே வற்றியது.

“கிணத்துல விழுந்தாளே, அவ பேரு என்ன அண்ணாச்சி?”

அவர் வாயைத் திறந்தார். கதையில் கருவனின் மாமனுக்குப் பெயர் இருந்தது. அவனுடைய நாய்க்குக்கூட இருந்தது.

செத்துப்போனவளுக்குப் பெயர் எதற்கு, அவளா எழுந்து வரப்போகிறாள் என்று முரண்டினார். அதோடும் விடவில்லை.

“அப்பம் அவன் யார்கிட்டத்தான் போயி மன்னிப்புக் கேப்பான்? அவன் அழுதது பொய்யா?”

“பொய்யில்ல. நல்லா அழட்டும். கேக்க ஆளில்லைன்னா காத்துக் கெடக்கட்டும்.”

இசக்கி மேளத்தின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுலிங்கம் கன்னத்தைத் தொட்டார். இன்னும் காந்தியது.

“அம்மான்னு கூப்பிட்ட வாயாலயே சொல்லுதேன். இந்த அறைய நான் மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.”

“மன்னிக்காண்டாம்,” என்றாள் வடிவு. கதைக்குத் தாளம் தட்டுகிற தன் சிப்ளாக்கட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். “காந்தல ஆறவிடாம சாயங்காலம் மேடை ஏறுங்க.”