கும்பிட்டுக் கிடந்த யானை

இந்தக் கதையில் பரிவட்டம் ஒன்று. அதற்கு உரியவர்கள் மூன்று பேர். மூவரும் நல்லவர்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். நிதானமாகக் கேளுங்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அம்மன் கோயில் யானையாக வடிவு இருந்தாள். வயதானவள். பாகன் மாசிலாமணிக்குப் பிள்ளைகள் இல்லை, வடிவுதான் எல்லாம். காலையில் ஆற்றில் இறக்கி, "சாய் தாயி" என்பார். அவள் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து விலாவைத் தேய்க்கக் கொடுப்பாள். குளித்துக் கரையேறியதும், கோபுரத்தைப் பார்த்து முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சு தரையில் பட ஒரு கும்பிடு போடுவாள். உடனே எழுந்துவிடுவாள். அந்தக் கும்பிடைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

ஒரு நாள் கும்பிட்டவள் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் கரையெல்லாம் சேறு. அவளுடைய பின்னங்கால்கள் அதில் சறுக்கியதை யாரும் கவனிக்கவில்லை.

"பாரும்வே, எழும்ப மனசில்ல அவளுக்கு. அம்மன்கிட்ட என்னமோ கேக்கா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

இன்னொருவர் கற்பூரம் ஏற்றினார். பெண்கள் குலவையிட்டார்கள். மாசிலாமணி எழுப்பப் போனபோது, "சாமி கும்பிடுததைக் கலைக்காதீரும்" என்று தடுத்தார்கள். அவரும் கைகூப்பி நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வடிவின் காதுகள் அசையாமல் நின்றன. "எழும்பு தாயி" என்று கெஞ்சினார். தும்பிக்கை அவர் காலைத் தொட்டது, அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. கரும்புச்சாறு விற்கும் சங்கரபாண்டி தன் கடைத் தார்ப்பாயைப் பிரித்து வந்து நிழல் கட்டினார். குடம் குடமாக முதுகில் தண்ணீர் ஊற்றினார். "யாவாரம் கெடக்கட்டும்" என்று நல்ல கரும்பாகப் பார்த்து ஊட்டினார். வடிவு அதை வாயில் வாங்கிக்கொண்டாள், மெல்லவில்லை.

கல் குவாரியில் கிரேன் ஓட்டும் பேச்சிமுத்துவுக்கு யாரோ போன் செய்தார்கள். முதலாளி கத்தக் கத்த அவர் வண்டியை எடுத்தார். ஆனால் கிரேன் மெதுவாகத்தான் வரும். வந்து சேர மத்தியானம் ஆகிவிடும் என்றார்கள்.

கூட்டத்தின் பின்னால் முப்பிடாதி நின்றாள். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கும் பெண். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, விடுமுறைக்கு வந்திருந்தாள். எல்லோரும் யானையின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் விலாவைப் பார்த்தாள். அது விரியவே இல்லை.

கல்லூரிக்கு ஒருமுறை, இறந்த காட்டு யானை ஒன்றின் உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முன் ஆட்டையும் எருமையையும் அறுத்துப் படித்தபோது, நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே கையை விட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த யானையின் மார்பில் அவள் கை நுழையவில்லை. விரலைக்கூட விட முடியவில்லை.

சொல்வதா, வேண்டாமா? தப்பாகிவிட்டால்? ஆனாலும் முண்டியடித்து முன்னே வந்தாள்.

"அண்ணாச்சி, அவ கும்பிடல. மூச்சு முட்டிக் கெடக்கா. சாய்ச்சுப் படுக்க வைங்க!"

"ஏட்டி, ரெண்டு வருசம் படிச்சிட்டுக் கோயில் யானையக் கவுக்கச் சொல்லுதியா?" என்று கூட்டத்தில் ஒருவர் அதட்டினார்.

"செத்துப்போனா உங்கம்மா பீடி சுத்தி வேற யானை வாங்கித் தருவாளோ?"

யாரோ சிரித்தார்கள். முப்பிடாதிக்கு அழுகை வந்தது. "செத்தா என்னைய ஊரவிட்டே தள்ளுங்க. இப்ப சாய்ங்க, அண்ணாச்சி!"

மாசிலாமணி அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு வடிவின் காதருகே வாயை வைத்து, தினமும் ஆற்றில் சொல்லும் அதே சொல்லைச் சொன்னார். "சாய் தாயி."

சொல்லிவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். முப்பிடாதியும் தள்ளினாள். சங்கரபாண்டி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வடிவின் உடம்பு மெல்ல அசைந்து, பக்கவாட்டில் சரிந்தது. விலா மேலெழும்பியது. அடுத்து வந்த பெருமூச்சில் எதிரே விடாமல் ஏற்றிக்கொண்டிருந்த கற்பூரம் அணைந்தது.

மத்தியானம் கிரேன் வந்தது. பேச்சிமுத்து அகலமான வார்களைக் கட்டி, பூவைத் தூக்குவதுபோலத் தூக்கி அவளை நிறுத்தினார். ஊரே அவரைத் தோளில் சுமந்து ஆடியது.

அம்மன் கொடைத் திருவிழா நாளன்று, அம்மனுக்குச் சாத்திய பட்டைத் தர்மகர்த்தா மாசிலாமணியிடம் நீட்டினார். "பரிவட்டம் ஒண்ணுதான். யாருக்குன்னு நீயே சொல்லு."

"நான் தண்ணி ஊத்தலன்னா வெயில்லயே போயிருப்பா" என்றார் சங்கரபாண்டி.

"நிக்க வச்சது யாருவே? கெடந்த யானையா இன்னிக்குத் தெருச் சுத்தி வந்துச்சு?" என்று பேச்சிமுத்து சிரித்தார்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நானாக் கண்டுபிடிச்சதில்ல, கத்துக்கிட்டதுதான்" என்றாள் முப்பிடாதி.

மாசிலாமணி மூவர் முகத்தையும் பார்த்தார். மூவர் காலிலும் விழலாம் போலிருந்தது அவருக்கு. ஆனால் பட்டு ஒன்றுதான்.

நீங்கள் அவர் இடத்தில் இருந்தால், அதை யார் தலையில் கட்டுவீர்கள்?

விடை: மாசிலாமணி முப்பிடாதிக்குத்தான் கட்டினார். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கும். மற்ற விலங்குகளுக்கு உள்ள இடைவெளி அதற்கு இல்லை. மார்புத் தசைகளும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சின்மேல் முழுப் பாரமும் விழுந்தால் அவை அசைய முடியாது. கும்பிடு ஒரு நொடியில் முடிந்தவரை கேடில்லை. நீடித்தபோது அதுவே உயிரை அழுத்தியது. நிழலும் நீரும் மூச்சைத் தந்திருக்காது. கிரேன் வந்து தூக்கியிருந்தாலும் வெறும் உடலைத்தான் தூக்கியிருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு சாய்ந்தபடியே நெடுநேரம் கிடப்பதும் ஆபத்து என்பதால், பேச்சிமுத்து செய்தது சிறிய உதவி அல்ல. வெயிலைத் தடுத்த சங்கரபாண்டியையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. வடிவு மூவருக்கும் தும்பிக்கையைத் தூக்கினாள்.

பட்டு முப்பிடாதியிடமும் தங்கவில்லை. கல்லூரி அருங்காட்சியகத்தில் அந்தக் காட்டு யானையின் மண்டையோட்டை வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்து போனதும், கேட்டு அனுமதி வாங்கி, பட்டை அதன் நெற்றியில் கட்டினாள். கூடப் போயிருந்த மாசிலாமணி அதன் முன்னே, நெஞ்சு தரையில் பட, விழுந்து கும்பிட்டார்.