மலை தாண்டி வந்த தூள்

"நான் இருக்கிற இடம் விளங்காது, சாமி. கிளம்புகிறேன்" என்றாள் செங்கமலம்.

அவள் மலை மடத்தில் சேர்ந்து ஒரு போக விளைச்சல்கூட முடியவில்லை. மடத்தை நடத்தும் சாமியைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்கத்தான் வந்திருந்தாள்.

சாமி காரணம் கேட்டார்.

மடத்துக் கோதுமையில் துரு நோய் விழுந்திருந்தது. இலையைத் தொட்டால் விரலில் செம்மஞ்சள் தூள் ஒட்டியது. இதுவரை வராத நோய் இவள் வந்த பிறகு வந்திருக்கிறது என்று சமையல்காரன் தாண்டவன் சொல்லிவிட்டான். யாரும் மறுக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை. ராசியில்லாதவள் என்ற பேச்சு அவளுக்குப் புதிதல்ல.

"நாளைக்குப் போகலாம், அம்மா. இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது."

சாமி ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெய் தடவிக் கொடுத்தார். மடத்துக்கு மேற்கே மலை உச்சி. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. உச்சியில் இரண்டு கழி நட்டு, துணியைக் காற்றுக்கு எதிரே கட்டிவிட்டு, சாயங்காலம் வரை தொடாமல் காவல் இருக்கச் சொன்னார்.

அவள் வயலுக்குள் இறங்காமல் சுற்றுப்பாதையில் ஏறினாள். துணியைக் கட்டினாள். தன் நிழல்கூட அதில் படாதபடி தள்ளி உட்கார்ந்தாள்.

பொழுது சாயும்போது சாமி வந்தார். துணியின் வெள்ளை மங்கி, செம்மஞ்சள் படிந்திருந்தது.

"கட்டின பிறகு நான் தொடவே இல்லை, சாமி."

"தெரியும்."

அவர் மேற்கே கை காட்டினார். மலைக்கு அப்பால் ஊர் ஊராகக் கோதுமை வயல்கள். பச்சையாக இருக்க வேண்டியவை பழுப்பேறிக் கிடந்தன.

"அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?"

"இந்த மலையைத் தாண்டினதே இல்லை."

அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு விதை மாதிரி என்றார் சாமி. காற்றில் ஏறி மலை தாண்டும். ஈரமான கோதுமை இலை அகப்பட்டால் முளைக்கும். அந்த இலையைத் தின்று பெருகி, மறுபடி காற்றில் ஏறும். யார் வயல், அங்கே யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

செங்கமலம் அந்த வயல்கள் பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர் கல்யாணமான வருஷமே காய்ச்சலில் போய்விட்டார், சாமி. நான் காலெடுத்து வைத்ததால்தான் என்றார்கள்."

"அந்தக் காய்ச்சல் வேறு யார் வீட்டுக்காவது வந்ததா?"

"பக்கத்து வீட்டில் மாமியாரும் மருமகளும். தறிக்காரர் வீட்டில் ஒரு குழந்தை. மேலத்தெருவில்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவர்களையெல்லாம் அவள் தன் வீட்டுக்காரரோடு ஒருநாளும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

"அந்த வீட்டிலெல்லாம் நான் காலெடுத்து வைக்கவே இல்லை, சாமி" என்றாள்.