விரால் வைத்த தோட்டம்

கட்டையன் என்ற விரால் மீனும் அதன் பெண்டாட்டி செவத்தியும் ஒரு குட்டையில் இருந்தன. கோடையில் பொக்லைன் வந்து குட்டையைத் தூர் வாரியது. கோரை, பாசி, அல்லிக் கிழங்கு என்று ஒன்று விடாமல் சேற்றோடு வழித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு விராலும் அடிச்சேற்றில் புதைந்து கிடந்து தப்பின.

மழை பெய்தது. குட்டை நிரம்பியது. ஆனால் உள்ளே ஒரு செடி கிடையாது. பாய்கூட இல்லாத வீட்டில் குடியேறின மாதிரி இருந்தது.

செவத்திக்கு வயிறு நிறைய முட்டை. ஒளிய இடமில்லாத தண்ணீரில் குஞ்சு பொரித்தால் மீன்கொத்திக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரிதான். அதனால் அது கட்டையனிடம் தெளிவாகச் சொன்னது.

"ஓரத்துல கொஞ்சம் கோரை. அதுக்குக் கீழ ரெண்டு கொத்து வேலம்பாசி. நடுவுல வெறும் தண்ணி. நம்ம சாதிக்கு அது போதும்."

"வெறும் தண்ணியா? நாலு பேர் வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அந்த நாலு பேர் உண்மையில் பதினோரு பேர். எல்லாம் கெண்டை மீன்கள். மழைத் தண்ணீரோடு பெரிய ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாக வந்து இறங்கியவை. அவற்றுக்குத் தலைவன் மினுக்கன். உடம்பெல்லாம் வெள்ளிச் செதில். வாயைத் திறந்தால் "எங்க ஏரியில" என்றுதான் பேச்சு தொடங்கும்.

விராலுக்கு ஒரு விஷயம் உண்டு. தண்ணீருக்குள் விடும் மூச்சு மட்டும் அதற்குப் பத்தாது. அடிக்கடி மேலே போய் வாயைத் திறந்து காற்றை விழுங்க வேண்டும். அப்போது 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். பிறவியே அப்படி. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கட்டையன் வெட்கப்பட்டது.

காரணம் மினுக்கன்தான். வந்த முதல் நாளே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "என்ன மச்சான், சாப்பாடு கனமோ?" என்று கேட்டது. பதினோரு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கட்டையன் மதகுக் கல்லுக்குப் பின்னால் போய்த்தான் காற்றுக் குடித்தது. கெண்டைகள் பக்கத்தில் இருந்தால் கண் பிதுங்கும்வரை அடக்கும். பிறகு ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டு ஓடும். செவத்திக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பேச்சுக்கு நடுவில் மேலே போகும், பொளக், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசும்.

சுற்று வட்டாரக் குட்டைகளுக்குச் செடி கொண்டுவந்து கொடுப்பது ஒய்யாரி என்ற இலைக்கோழி. குச்சி குச்சியாய் நீண்ட விரல்கள் அதற்கு. மிதக்கிற இலைமேல் நடக்கவென்றே அமைந்தவை. யாருக்குச் செடி கொடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்பது அதன் வழக்கம். என்ன சாப்பிடுவ? முட்டை எங்க போடுவ? மூச்சு எங்க விடுவ? மூன்றும் தெரியாமல் ஓர் இலைகூடக் கொண்டுவராது.

ஒய்யாரி வந்த நேரம் செவத்தி அங்கே இல்லை. மூலையில் முட்டைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தது. மினுக்கன்தான் பக்கத்தில் நின்று ஏரிப் பெருமை பேசிக்கொண்டிருந்தது. அங்கே எங்கு பார்த்தாலும் ஆகாயத் தாமரையாம். பச்சை ஜமக்காளம் விரித்த மாதிரி மிதக்குமாம். அது பெரிய ஏரி, காற்றடித்தால் செடியெல்லாம் ஒரு கரைக்கு ஒதுங்கும், மிச்சத் தண்ணீர் திறந்தே கிடக்கும். மினுக்கன் அதைச் சொல்லவில்லை.

முதல் இரண்டு கேள்விக்கும் கட்டையன் சரியாகவே பதில் சொன்னது. மூன்றாவது கேள்வி வந்ததும் மினுக்கனைப் பார்த்தது.

"மூச்சா? எல்லாரையும் போலத்தான். தண்ணிக்குள்ளயே. எங்களுக்கும் அந்த ஆகாயத் தாமரையே போடுங்க."

ஒய்யாரி அதன் மூஞ்சியையே பார்த்தது. எத்தனை விராலைப் பார்த்த பறவை அது! பொய் என்று தெரியும். ஆனால் குட்டை முழுக்க இலை படர்ந்தால் தன் காலுக்கும் சுகம்தானே? கேட்கவேண்டியதைக் கேட்டாச்சு, சொன்னதைச் செய்வோம் என்று ஐந்து ஆகாயத் தாமரையைக் கொண்டுவந்து போட்டது.

திரும்பி வந்த செவத்தி அண்ணாந்து பார்த்தது. இது பரவுமே என்றது. பரவட்டும், அப்போதுதான் லட்சணமாய் இருக்கும் என்றது கட்டையன். செவத்திக்குச் சண்டை போட நேரமில்லை. வயிறு நெருக்கியது. மூலையில் திறந்து கிடந்த இடத்தில் போய் முட்டை போட்டது.

குஞ்சுகள் பொரிந்தன. முந்நூறு இருக்கும். மிளகாய் விதை மாதிரி, அத்தனையும் செம்பு நிறம். ஒரே கொத்தாய்ச் சேர்ந்து நீந்தின. கட்டையன் ஒரு பக்கம், செவத்தி ஒரு பக்கம் காவல்.

இதற்குள் ஐந்து செடி ஐம்பதாயிற்று. ஐம்பது எத்தனை ஆனது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் மதகுக் கல் மறைந்தது. கெண்டைகள் சபாஷ் போட்டன. கட்டையனுக்குப் பெருமையில் தலை கனத்தது. உண்மையில் அது பெருமை இல்லை, காற்றுப் பத்தவில்லை.

ஒரு நாள் காலையில் விழித்துப் பார்த்தால் வானத்தைக் காணோம். கரைக்குக் கரை இலை. கீழே பின்னிக்கிடக்கும் வேர். சரியாக அன்றுதான் குஞ்சுகளுக்கும் காற்றுக் குடிக்கிற வயது வந்திருந்தது. கூட்டமாக மேலே போனவை வேரில் முட்டிக்கொண்டு திரும்பின.

"அம்மா, கூரை இடிக்குது."

செவத்தி இடைவெளி தேடிக் குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒன்றுமில்லை. கட்டையனுக்கு எதிரே வந்து நின்று கேட்டது.

"அந்த இலைக்கோழி மூச்சைப் பத்திக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கட்டையன் வாலைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. "தண்ணிக்குள்ளயேன்னு."

செவத்தி கத்தவில்லை. "முந்நூறு பிள்ளைங்க. அவங்ககிட்டயும் அதையே சொல்லிருங்க. தண்ணிக்குள்ளயே விடச் சொல்லி."

கட்டையன் நேராக அடிச்சேறுவரை போனது. அங்கிருந்து ஒரே பாய்ச்சல். வேர்ப்பின்னலில் மண்டையை மோதியது. செடி குலுங்கியது, ஆனால் விலகவில்லை. இரண்டாம் தடவை பாய்ந்தது. கண் இருட்டியது. மூன்றாம் தடவை இலையைப் பிளந்துகொண்டு தலை வெளியே வந்தது.

பொளக்!

பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாய் அது காற்றுக் குடித்ததில்லை. மூக்குக்கு நேராக ஒய்யாரியின் கால் விரல்கள். இலைமேல் உலாத்திக்கொண்டிருந்த அது அலறிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்தது.

"தண்ணிக்குள்ளயேன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்" என்றது கட்டையன். குட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி.

செவத்தி குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாக அந்த ஓட்டைக்கு அனுப்பியது. ப்ளுக், ப்ளுக், ப்ளுக். முந்நூறும் குடித்து முடிக்கும்வரை கட்டையன் மண்டையாலேயே செடியை விலக்கிப் பிடித்திருந்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். மினுக்கன். வெள்ளிப் பளபளப்பெல்லாம் போய் ஈயச் சட்டி மாதிரி இருந்தது. செவுள் அடித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் மீதிப் பத்துப் பேர். காற்றும் வெயிலும் படாமல் தண்ணீரே கெட்டுப்போயிருந்தது. தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுகிறவர்களுக்கும் இப்போது மூச்சு இல்லை.

"மச்சான்... கொஞ்சம் தள்ளிக்க."

மினுக்கன் ஓட்டையில் வாயை வைத்துத் திறந்தது. விக்கல்தான் வந்தது.

"என்ன தம்பி, சாப்பாடு கனமோ?" என்று கேட்டது செவத்தி.

மினுக்கன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றது. கட்டையன்தான் பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தது. வாயை இன்னும் அகலமாகப் பிளக்க வேண்டும், சத்தம் வந்தால் வரட்டும், சத்தம் வந்தால்தான் காற்று உள்ளே போகிறதென்று அர்த்தம். பதினோரு கெண்டையும் வரிசையில் நின்று மேலே இருந்த காற்றை முக்கி முனகி விழுங்கின.

தெம்பு வந்ததும் எல்லோரும் சேர்ந்து செடியைக் கீழிருந்து தள்ளினார்கள். ஒய்யாரி மேலிருந்து இழுத்துக் கரையில் போட்டது. போடும்போதே முணுமுணுத்தது. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் தனக்கு இந்த இரட்டை வேலை இல்லையாம்.

"உங்களுக்கும்தான் தெரியும்ல?" என்றது செவத்தி.

ஒய்யாரி தன் விரல்களைக் குனிந்து பார்த்தது. சாயங்காலமே ஓரத்துக்குக் கோரையும் வேலம்பாசியும் கேட்காமலேயே வந்து சேர்ந்தன. அதன் காலுக்கென்று ஒரு மூலையில் மூன்று ஆகாயத் தாமரையை மட்டும் விட்டுவைத்தார்கள். மினுக்கனும் பத்துக் கெண்டைகளும் தினம் அதைக் கொறித்துக் கொறித்து மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டன.

நடுக்குட்டையில் வெறும் தண்ணீர். அங்கே எல்லோர் முன்னாலும் கட்டையன் காற்றுக் குடித்தது. பொளக்.

தனக்கு என்ன தேவை என்று வாயைத் திறந்து சொல்ல வெட்கப்படுகிறவன், அடுத்தவன் மெச்ச வீடு கட்டி, அதற்குள் தானே மூச்சுமுட்டி நிற்பான்.