முதல் சவாரி

மலைப் பள்ளிக்கூடத்தின் பழைய வேனில், எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டிருந்தது. வளைவில் ஏறும்போது எஞ்சின் அணையும். வண்டி பிள்ளைகளோடு பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் உருளும்.

"புதுக் குழாய் போடுங்கய்யா" என்று கெஞ்சினாள் வேன் ஆயா செங்கமலம். அவள் மகளும் அதில்தான் போகிறாள்.

"டேப் சுத்தியாச்சு. இப்ப அது புது வண்டி மாதிரி. இன்னொரு தரம் வாயைத் திறந்தா உனக்கு வேலை இல்லை" என்றார் தாளாளர் ஞானசம்பந்தம்.

"சரிங்கய்யா. புது வண்டின்னா பூஜை போட்டுடலாம். உங்க பேத்திப் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை அடிவாரத்தில், பெற்றோர் பிள்ளைகளை ஏற்றிவிட வந்த நேரம், வேனுக்கு மாலை போட்டாள். கற்பூரம் காட்டினாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பேத்தியோடு காரில் வந்திறங்கிய தாளாளர் பூரித்துப்போனார்.

"முதல் சவாரி முதலாளி வீட்டுப் பிள்ளைதானுங்களே!" செங்கமலம் அந்தப் பேத்தியைத் தூக்கி வேனில் உட்கார வைத்தாள். "மேல் வளைவு வரைக்கும் போய்ட்டு வரட்டும்."

"ஐயோ, இறக்குடி அவளை!" தாளாளர் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு தாயாக வந்து, ஏறியிருந்த தன் பிள்ளையை இறக்கிக்கொண்டாள்.

சாயங்காலமே புதுக் குழாய் வந்தது. கழற்றிப் போட்ட பழைய குழாயின் டேப்பைச் செங்கமலம் உரித்தாள். குழாய் அவள் கையிலேயே இரண்டாக வந்தது.