சருகைத் தள்ளிய சருகுமான்

ஒரு காட்டில், மலைச்சரிவில் நின்ற கிழட்டுத் தான்றி மரத்தின் பொந்தில், ஒரு சருகுமான் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. முயல் அளவே இருந்த அதற்கு மலையளவு பயம்.

குட்டி நடக்கப் பழகியதும் பயம் இரட்டித்தது. அது அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் காய்ந்த இலைகள் சரசரத்தன. அந்தச் சத்தம் செந்நாயின் காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தாய்க்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கடைசியில், மரத்தடியில் ஒரு சருகுகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. மூக்கால் முட்டியும் குளம்பால் தள்ளியும் அத்தனையையும் ஓடையில் சேர்த்தது. புதிதாக விழுந்தவற்றையும் விடவில்லை.

மக்கிப்போன அடி இலைகளுக்குள்ளிருந்து ஒரு மண்புழு தலை நீட்டியது.

"மானக்கா, அது எங்கள் சோறு. நாங்கள் அதைத் தின்று கழிப்பதுதான் இந்தக் கறுப்பு மண். கொஞ்சம் விட்டுவையுங்கள்."

"உனக்குக் காலே கிடையாது. காலடிச் சத்தத்தின் கவலை உனக்கு எங்கே தெரியும்?" என்றது சருகுமான்.

"எனக்குக் கால் இல்லைதான். உங்கள் கால் ஊன்ற இடம் வேண்டாமா?"

சருகுமான் கடைசி இலையையும் தள்ளிவிட்டது. பசி தாங்காத புழுக்கள் மேட்டுப் பக்கம் போய்விட்டன.

கோடை முடிவதற்குள் மரத்தடி மண் வெளுத்து, சட்டியைப் போல இறுகியது. குட்டி ஓசையில்லாமல் நடந்தது. தாய் நிம்மதியாகக் கண்ணை மூடியது.

பிறகு மழை பிடித்தது. உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் சரிவில் பாய்ந்து, இருந்த மண்ணையும் அரித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் தான்றியின் வேர்கள் விலா எலும்பைப் போல வெளியே தெரிந்தன. மரம் முனகியது. தாய் குட்டியை முட்டி வெளியே தள்ளிய மறுகணம், பொந்தோடு மரம் சாய்ந்தது.

நனைந்து நடுங்கியபடி இரண்டும் மேட்டிலிருந்த புதரடியில் ஒதுங்கின. அங்கே சருகு கனமாகக் கிடந்தது. அதனடியில் அதே மண்புழு.

சருகுமான் தலைகுனிந்து கேட்டது: "நான் சருகு கொண்டுபோய்ப் போட்டால், அந்த இடம் எப்போது பழையபடி ஆகும்?"

"நாங்கள் விடாமல் தின்றால், உங்கள் பேரக்குட்டிகள் காலத்தில் ஒரு விரற்கடை கறுக்கும்."

சருகுமான் அன்றே முதல் வாய்ச் சருகைக் கொண்டுபோய்ப் போட்டது. பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு சரசரப்புக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு நாள் பிற்பகல், புதரடியில் சருகு சரசரத்தது. குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டித்தான் படுத்திருந்தது. அப்படியானால் இது வேறு காலடி என்று தாய் குட்டியோடு பாய்ந்து ஓடியது.

செந்நாய் வந்து பார்த்தபோது, அங்கே சருகு மட்டுமே கிடந்தது.

நீதி: பயமுறுத்துகிறது என்று ஒன்றை அகற்றும் முன், நம்மைத் தாங்குவது அதுதானா என்று பார்க்க வேண்டும்.